ஒற்றை வட்டம்

மார்ச் 4

சுண்டெலிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. உன் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். நானும் இருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையும் இருக்கிறது, ஓடுகிறதா என்று மட்டும் கேட்காதே.

நீ எத்தனையோ தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான். நடுக்கூடத்தில் நின்று, “செத்தவரை விட்டுடுங்க அண்ணி, ஃப்ரிட்ஜில் வெச்சு எடுத்துப் பரிமாற அண்ணன் என்ன மிச்சச் சாப்பாடா?” என்று கேட்டுவிட்டு விமானம் ஏறியவள் நீ. அதை நான் மறக்கவில்லை, மறந்ததாக நடிக்கவும் போவதில்லை.

ஆனால் போனை எடுக்காததற்கு வேறு காரணமும் உண்டு. பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரு கனைப்பு வரும். முடிக்கும்போது ஒரு இழுப்பு. அவர் இருந்தபோது அதைச் சொல்லி உங்களைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கனைப்போடு யாராவது என்னை “அண்ணி” என்று கூப்பிட்டால் எனக்கு என்ன ஆகும், நீயே சொல். அதனால்தான் இந்தக் காகிதம். காகிதம் கனைக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேண்டாம் என்றதை நான் செய்துவிட்டேன். அவருடைய நோய்க்கு வைத்தியம் தொடங்கும் முன் அவர் மருத்துவமனையில் சேமித்து வைத்த உயிரணுவைக் கொண்டு குழந்தைக்கு முயற்சி செய்தோம். “எதுக்கும் இருக்கட்டும், நான் இல்லன்னாலும் உனக்கு வேணும்னா எடுத்துக்கோ” என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான், உனக்கும் தெரியும். முதல் இரண்டு முறையும் கைவிரித்துவிட்டார்கள். இது மூன்றாவது. அவருடையது இதோடு தீர்ந்தது. இனி ஒரு துளியும் இல்லை.

இந்த முறை எடுத்த முட்டைகளில் ஒன்று மட்டும் தேறியிருக்கிறது. ஐந்து நாள் வளர்த்து உறைய வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் எனக்குள் வைப்பதாக டாக்டர் சொன்னார். உன் அம்மா இப்போதே என் வயிற்றைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். “குளிருதா ராஜா?” என்கிறார். அங்கே ஒன்றும் இல்லை, இன்னும் உறைபெட்டியில்தான் இருக்கிறது என்று சொன்னால், “அதனாலதான் கேட்டேன்” என்கிறார்.

என்னை அரிப்பது ஒரே ஒரு சொல். அங்கே லேபில் ஒல்லியாக ஒரு பெண் இருக்கிறாள். மூக்கில் நிற்காத கண்ணாடி போட்டுக்கொண்டு நாள் முழுக்க அதை ஏற்றிவிட்டபடியே இருப்பாள். டாக்டர் வாய் நிறைய “கரு” என்கிறார். இவள் மட்டும் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. “ஒண்ணு விழிச்சுதுங்க”, “விழிப்பு நல்லா இருந்துது”, “விழிச்ச முட்டையை வெச்சிருக்கோம்.” இப்படியே பேசுகிறாள். “விழிப்புன்னா என்னம்மா?” என்றேன். “டாக்டரைக் கேளுங்க” என்றாள். டாக்டருக்கு நிற்க நேரமில்லை.

உனக்கும் அதே தொழில். நாள் முழுக்க முட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நீ. விழிப்பு என்றால் என்ன? கருதானே?

உன் அண்ணி

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேசை மேலேயே வைத்திருந்தேன். திட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். திட்டும் இருந்தது. அது நியாயம். மிச்சச் சாப்பாடு என்று சொன்ன வாயை நானே பல தடவை அறைந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. அண்ணன் மேல் பாய முடியவில்லை, உங்கள் மேல் பாய்ந்தேன்.

சரி, சொல்லைப் பற்றி. இங்கே நாங்கள் ஆக்டிவேஷன் என்போம். அந்தப் பெண் அதைத் தமிழில் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். விழிப்பு. எங்கள் சொல்லைவிட நல்ல சொல்.

முட்டை என்பது பாதி வேலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். தன்னிடம் இருப்பதைப் பங்கு பிரிக்கத் தொடங்கும், முடிக்காமல் அப்படியே நின்றுவிடும். யாராவது வந்து எழுப்பினால்தான் மீதி. சாதாரணமாக எழுப்புவது உள்ளே நுழைகிற விந்தணு. நுழைந்ததும் முட்டைக்குள் ஒரு அலை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். விட்ட வேலையை முட்டை தொடரும், தனக்கு வேண்டாத பாதியை வெளியே தள்ளும், பிறகு இரண்டாய், நாலாய்ப் பிரியத் தொடங்கும். இந்த எழுந்திருத்தலுக்குத்தான் விழிப்பு என்று பெயர். முட்டை என்ன செய்தது என்று மட்டும்தான் அந்தச் சொல் சொல்லும். 

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. “விந்தணு” என்று எழுதிவிட்டு, இது அண்ணனைப் பற்றியது அல்லவா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவன் இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். 

கருவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே இல்லை, பார்க்கவும் இல்லை. பார்க்காமல் சொன்னால் குருடன் யானை பார்த்த கதை ஆகிவிடும். ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள். டாக்டரை விடுங்கள், அந்தப் பெண்ணையே கேளுங்கள். ஊசியால் முட்டையைக் குத்தி அண்ணனுடையதை உள்ளே விட்ட மறுநாள் காலையில் முட்டைக்குள் எத்தனை வட்டம் பார்த்தாள்? இப்படிக் கேட்டாலே அவளுக்குப் புரியும்.

பயப்பட வேண்டாம் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

சுண்டெலி

*

மார்ச் 27

சுண்டெலிக்கு,

கேட்டேன்.

உன் அம்மாவும் கூட வந்திருந்தார். அந்தப் பெண் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். “மறுநாள் காலையில எத்தனை வட்டம் பார்த்தீங்க?” என்றேன். அவள் கண்ணாடி மூக்கு நுனிவரை வந்துவிட்டது, ஏற்றிவிடவே இல்லை. 

“யாரு கேக்கச் சொன்னாங்க?”

“என் நாத்தனார். உங்க வேலைதான் அவளுக்கும்.”

“ஒண்ணுங்க” என்றாள். “ஒரே ஒரு வட்டம்தான் பார்த்தேன்” என்று மறுபடி சொன்னாள். 

உன் அம்மா என் தோளைத் தட்டி, “ஒண்ணு போதும்டி, ரெட்டையா வந்தா யாரு தூக்கறது?” என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நான் கண் பரிசோதிக்கிறவள். அட்டையில் எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர்கள் தெரிகிற மாதிரி எப்படிச் சமாளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன் கடிதமும் அப்படித்தான் இருந்தது. கடைசி வரிசையைப் படிக்காமல் மேல் வரிசையையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாய்.

வீட்டில் அழைப்பு மணிக்கு ஏதோ கோளாறு. மின்சாரம் போய் வந்தால் தானாக ஒரு தடவை அடிக்கிறது. ஒரே ஒரு தடவை, அவர் அடிக்கிற மாதிரியே, அழுத்தி. கோளாறு என்று தெரியும். தெரிந்தே ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். வாசலில் வெயில்தான் நிற்கிறது. எலக்ட்ரீசியன் அடுத்த தெருவில்தான் இருக்கிறார், இன்னும் கூப்பிடவில்லை. இதை வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள்.

ஒரு வட்டம் என்றால் என்ன? சுற்றி வளைக்காமல் எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 6

அண்ணி,

சுற்றி வளைக்கவில்லை.

வட்டம் என்பது மூட்டை. முட்டை விழித்த மறுநாள் காலையில், அம்மாவிடமிருந்து வந்தது ஒரு மூட்டையாகவும் அப்பாவிடமிருந்து வந்தது இன்னொரு மூட்டையாகவும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டு வட்டம். எங்கள் தொழிலில் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை இதைப் பார்ப்பதுதான். சில மணி நேரம் மட்டும் தெரியும், பிறகு கரைந்துவிடும். அப்போது பார்க்காவிட்டால் அப்புறம் வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே வட்டத்தோடு விழித்ததும் ஒழுங்காகப் பிரிந்து, அழகாகத்தான் இருக்கும்.

ஒரே வட்டம் என்றால், பெரும்பாலும், முட்டை ஊசியின் குத்தலுக்கே விழித்துக்கொண்டது என்று அர்த்தம். எழுப்ப வேண்டியவர் வந்து சேரவில்லை. உள்ளே இருப்பது உங்களுடையது மட்டும்.

உங்கள் அழைப்பு மணி மாதிரிதான் அண்ணி. மணி நிஜமாகவே அடித்தது. நீங்களும் நிஜமாகவே எழுந்து போனீர்கள். வாசலில் ஆள் இல்லை.

அதனால்தான் அந்தப் பெண் விழிப்பு என்கிறாள். கருவான முட்டை ஒவ்வொன்றும் விழித்த முட்டைதான். விழித்த முட்டை எல்லாம் கரு ஆகாது. அப்படி யாரும் வராமல் விழித்தது சில நாள் வளரும். உங்களுக்குள் வைத்தால் ஒருவேளை ஒட்டக்கூடச் செய்யும். பிள்ளை ஆகாது. இதுவரை எந்த மனிதருக்கும் ஆனதில்லை.

சில முட்டைகளில் இரண்டு பேருடையதும் ஒரே வட்டத்துக்குள் சேர்ந்து கிடப்பதுண்டு. நூற்றில் சில இருக்கும். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ளச் சோதனை இருக்கிறது. ஓரத்திலிருந்து சில செல்களை எடுத்து உங்கள் ரத்தத்தோடு ஒப்பிட்டால் போதும். உங்களிடம் இல்லாத ஏதாவது அதில் இருந்தால் அது அண்ணனுடையது.

நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இப்படி விழித்தவற்றை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். உங்கள் கடிதம் வந்த பிறகு ஒன்றைக்கூட ஒதுக்க முடியவில்லை. நேற்று ஒன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பக்கத்து மேசைக்காரி வந்து தோளைத் தொட்டாள். எனக்கும் ஆசை இருக்கிறது அண்ணி. வேண்டாம் என்று கத்தினவளுக்கும் இருக்கிறது. அந்தக் கனைப்போடு ஒரு குழந்தை பேசாதா என்று நானும்தான் ஏங்குகிறேன்.

சோதனை செய்துவிடுங்கள். 

சுண்டெலி

*

ஏப்ரல் 16

உனக்கு,

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டு, எனக்கும் வலிக்கிறது என்கிறாய்.

நீ முதலிலிருந்தே வேண்டாம் என்றவள். இப்போது அதற்குப் படிப்பைத் துணைக்கு அழைக்கிறாய். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, பார்க்காத முட்டைக்குள் உன் அண்ணன் இல்லை என்று எழுதுகிறாய். ஆயிரம் மைல் தூரத்திலிருந்து கண்ணாடிக்குப் பவர் சொல்கிற டாக்டர்கூடக் கிடையாது.

சோதனை வேண்டாம். நூற்றில் சில என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தச் சிலவற்றில் ஒன்று என்று நான் நினைத்துக்கொள்கிறேன். வைக்கும் தேதியைக் குறித்தாகிவிட்டது, இந்த மாதம் இருபத்தெட்டு.

என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள். ஆனால் ஒன்றைக் கேள். நீ வீட்டில் இல்லாததால் உனக்குத் தெரியாது. மத்தியானம் வீட்டு முன்பக்கத்துக் கடையை அரைக் கதவு சாத்திவிட்டுச் சற்றுப் படுப்பேன். பின்னறையில் கண்ணாடி தேய்க்கும் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். முதல் நாள் தூக்கத்திலேயே, ‘யாருடைய கண்ணாடியோ, அவசரம் போல’ என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். எழுந்து பார்த்தால் ஒன்றுமில்லை, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி. மறுநாளும் அப்படித்தான். அவர் வந்துவிட்டுப் போகிறார் என்றே நம்பிவிட்டேன். பயமாக இல்லை. நிம்மதியாக இருந்தது.

போன வாரம் மெல்ல எழுந்து போய்ப் பார்த்தேன். உன் அம்மா. உன் அண்ணன் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து மிஷினைப் போட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். கல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி எதுவும் இல்லை. முகத்தில் அழுகையும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. சத்தம் போடாமல் வந்து படுத்துக்கொண்டேன்.

மகன் செத்துப்போனது அவருக்கு இன்னும் உள்ளே இறங்கவில்லை. “குளிருதா ராஜா” என்று கேட்கிறவரிடம் போய், அங்கே ராஜாவும் இல்லை கூஜாவும் இல்லை, வெறும் ஊசிக்குத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதினைந்து நாள் ஒட்டினாலும் போதும். அந்தப் பதினைந்து நாள் அவருக்காக நான் சுமப்பேன்.

இனி இதைப் பற்றி எழுதாதே.

*

ஏப்ரல் 21 (அவசரத் தபால்)

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். அண்ணன் வைத்த பேர் சுண்டெலி, கொறிக்காமல் இருக்காது.

வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம், உங்கள் உடம்பு. நான் தடுக்கவில்லை. உங்களிடம் பொய் சொல்லியிருக்கலாம். “ஒரு வட்டம்தானே, பரவாயில்லை, வையுங்கள்” என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுதியும் பார்த்தேன், படிக்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கிழித்தேன். ஏனென்றால் அது கலைந்துபோகும்போது நீங்கள் குளியலறையில் தனியாக இருப்பீர்கள். அண்ணனை மருத்துவமனையில் ஒரு தடவை இழந்தீர்கள். அவன் இல்லாத ஒன்றை அவன் என்று நினைத்துச் சுமந்து, இன்னொரு தடவை உங்கள் உடம்புக்குள்ளேயே இழப்பீர்கள். அன்றைக்கு என்னால் உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

அம்மாவுக்காக என்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?

நான் வருகிறேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி விமானம். விடுமுறை கேட்டேன், மேலதிகாரி முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும். நீங்கள் வைத்துக்கொண்டிருந்தாலும் வருவேன், வைத்துக்கொள்ளாவிட்டாலும் வருவேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

சுண்டெலி

*

மே 2 (அவசரத் தபால்)

சுண்டெலிக்கு,

இருபத்தெட்டாம் தேதி போகவில்லை. அதற்கு முன்பே போனேன். உன் கடிதத்தைப் படித்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல். அந்த ஒல்லிப் பெண்ணைத் தேடிப் பிடித்து, “சோதனை பண்ணுங்க” என்றேன். சோதனை தேவையில்லை என்று டாக்டர் தலையாட்டினார். அவள் முதன்முறையாக அவருக்கு எதிரில் வாயைத் திறந்து, “பண்ணிடலாங்க டாக்டர்” என்றாள். 

நேற்று முடிவு வந்தது. என்னிடம் இல்லாதது அதில் எதுவுமே இல்லை. எல்லாம் நான். நான் மட்டும்.

அந்தப் பெண்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, “கருன்னு சொன்னா உங்ககிட்ட பொய் சொன்ன மாதிரி. இல்லன்னு சொல்ற அதிகாரம் எனக்கில்ல. அதனாலதாங்க விழிச்சுதுன்னே சொல்லிட்டிருந்தேன். என்னைக்காவது நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன்” என்றாள். அவளிடம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காதுக் கம்பியை வளைத்துச் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வருவதற்கு முன், “பார்க்கறீங்களா?” என்று கேட்டாள். பார்த்தேன். தெளிவாக, உருண்டையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இனி வைத்திருக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். என் வாயால் சொன்னேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் பின்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை திரும்பிப் போகவில்லை. போய் உன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். “அத்தை, அதுல அவர் இல்ல” என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

உன் அம்மா கையை நீட்டி மிஷினை நிறுத்தினார்.

“தெரியும்டி” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“அந்தப் பொண்ணு ஒண்ணுன்னு சொன்னப்ப அது முகத்தைப் பார்த்தேனே. உன் முகத்தையும் பார்த்தேன். அதனாலதான் ரெட்டை கிட்டைன்னு ஏதோ உளறினேன்.”

“அப்புறம் ஏன் என் வயித்தைப் பார்த்து ராஜா, ராஜான்னு?”

“நீ நம்பிட்டிருந்தே. நான் வேற அழுதுட்டிருந்தா நீ என்ன ஆவே?”

“இந்த மிஷின்?”

அவர் கல்லைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். “அவன் போனதுலேருந்து மத்தியானத்துல நீ புரண்டு புரண்டு படுப்பே. ஒரு நாள் தூசு தட்டறப்ப கை பட்டு இது ஓடிடுச்சு. நீ பெருமூச்சு விட்டு அசந்து தூங்கினே. அன்னைலேருந்து போடறேன்.”

கேட்டாயா? நான் அவருக்காக வயிற்றில் சுமக்கப் போனேன். அவர் எனக்காக மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். இருந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உன் அண்ணன் இருக்கிற மாதிரி காட்டியே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறோம். உள்ளபடி அவர் போய்விட்டார் என்று இந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லவே இல்லை.

நேற்றுதான் சொன்னோம். “அவன் செத்துட்டான்டி” என்று உன் அம்மா சொன்னார், நானும், “ஆமாம் அத்தை, செத்துட்டார்” என்றேன். அந்த ஸ்டூலைச் சுற்றிக் கண்ணாடித்தூள் அப்பிய தரையில் உட்கார்ந்து, சேர்ந்து அழுதோம். உன் அண்ணன் போன பிறகு முதல் தடவையாக.

எட்டாம் தேதி வா. துக்கத்துக்கு வா. இங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

உன் அண்ணி